ரீபா சொல்லி முடித்த கதை

ரீபா ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது. கணக்கு டீச்சர் திட்டியதைச் சொல்ல வருவாள். டீச்சரின் வளையல், வளையல் வாங்கிய கடை, கடை வாசலில் படுத்திருந்த நாய் என்று போய், நாய்க்கு ஒரு காது இல்லை என்பதில் வந்து நிற்பாள். "விஷயத்துக்கு வாட்டி" என்பார் அப்பா. "அடுப்புல பால் இருக்கு" என்று அம்மா எழுந்துவிடுவாள். பதினாறு வயது வரைக்கும் பாளையங்கோட்டை வீட்டில் அவள் தொடங்கிய எந்தக் கதையும் முடிந்ததில்லை.

குடையைப் பஸ்ஸில் விடுவாள், டிபன் பாக்ஸை வகுப்பில் விடுவாள், பரீட்சைத் தாளில் கடைசிப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுவாள். சோம்பல் என்றார்கள், திமிர் என்றார்கள். தலையில் கைவைத்து ஜெபித்தும் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர்தான், இது கவனக்குறைபாடு, பிள்ளையின் குற்றமில்லை என்று சொல்லி, வண்ணார்பேட்டையில் சனிக்கிழமைதோறும் ஒரு மாடி அறையில் நடக்கும் குழுப்பேச்சுக்கு அனுப்பினார்.

அங்கே அவளைப் போலவே ஏழெட்டுப் பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். நடத்துகிறவள் சுகிர்தா, மனநல ஆலோசகர். அவளுடைய ஸ்கூட்டர் சாவிக்கொத்து கைமாறிக்கொண்டே வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. இன்னொரு விதி, இங்கே பேசுவது இந்த அறையோடு சரி. சுகிர்தா இதைச் சொன்னபோது ரீபா மின்விசிறியில் தொங்கிய ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லி அவளைத் தப்பவிடலாம். ஆனால் அது பொய். அவளும் கேட்டாள்.

முதல் நாளே நாயின் காது வரைக்கும் போனாள். யாரும் நிறுத்தவில்லை. அவள் சாவியைக் கீழே வைத்த பிறகு ஒருவன் மட்டும், "எந்தக் காது?" என்று கேட்டான். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வரும் தளவாய். "இடது காது" என்றாள். வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், பரீட்சையில் பெயிலா என்று விசாரித்தாள்.

சில வாரம் கழித்துத் தளவாய் பேசினான். தலையைத் தூக்கவே இல்லை.

"படித்துறைல தம்பியப் பாத்துக்கோன்னு சொல்லிட்டு அம்மா கடைக்குப் போனா. பாலத்துல ரயில் வந்துச்சு. பெட்டிய எண்ணிக்கிட்டே கரையோட ஓடிட்டேன். தம்பி ஞாபகமே இல்ல. திரும்பி வந்தா, மாடு குளிப்பாட்டுத அண்ணாச்சி ஒருத்தர் அவனத் தண்ணிலருந்து தூக்கி வச்சிருக்காரு. முட்டாய் வாங்கிக் குடுத்துத் தம்பி வாய அடைச்சிட்டேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. இப்பமும் ரயில் சத்தம் கேட்டா தம்பி எங்கன்னு தேடி ஓடுவேன்."

அன்று மத்தியானம் ரீபாவின் அம்மா ஜெபராணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "இன்னைக்கு என்னட்டி பேசினீங்க?" என்று கேட்டு வைத்தாள். ரீபா தளவாயின் கதையைத் தொடங்கினாள். அம்மாவின் கை நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அம்மா எழவில்லை. "ஐயோ, பெறவு?" என்றாள். அம்மா தன்னிடம் "பெறவு?" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தைக்காக ரீபா அவன் பெயர், ஊர், தம்பி, முட்டாய் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். நாய், வளையல் எதுவும் குறுக்கே வராமல் கதையைச் சொல்லி முடித்தாள்.

ஜெபராணி வம்பு பேசுகிறவள் இல்லை. மனசு பொறுக்காதவள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டபோது எழுந்து, "கல்லிடைக்குறிச்சில தளவாய்னு ஒரு பிள்ள" என்று ஆரம்பித்தாள். பெயர் சொல்லாவிட்டால் ஆண்டவருக்கு ஆள் தெரியாதா என்று கேட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஜெபக்குறிப்பு என்றால் பெயரும் ஊரும் சேர்ந்துதான் வரும். கூட்டத்தில் இருந்த ஜெசி டீச்சருக்கு வேலை கல்லிடைக்குறிச்சியில், தளவாய் படிக்கிற பள்ளிக்கூடத்தில். அடுத்த வாரம் தளவாயின் அம்மாவை வழியில் பார்த்ததும், "பயப்படாதீங்க, உங்க ரெண்டு பிள்ளைகளுக்கும் நாங்க எல்லாரும் ஜெபிக்குதோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு டீச்சர்?" என்று கேட்டாள் அந்த அம்மா.

சனிக்கிழமை தளவாயின் நாற்காலி காலியாக இருந்தது. "தளவாய் இனிமே வர மாட்டான். அவங்க அப்பா போன் பண்ணாரு. அடிச்சிருக்காரு" என்றாள் சுகிர்தா. "இங்க பேசுனது வெளிய போயிருக்கு." யார் முகத்தையும் பார்க்காமல் சாவிக்கொத்தைத் தரையில் வைத்தாள்.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ரீபாவுக்கு இந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. சொன்னால் இதுவும் போய்விடும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. குனிந்து சாவியை எடுத்தாள்.

"நான்தான் அம்மாட்ட சொன்னேன். அம்மா எந்திரிக்காம கேட்டா. அதான் சொல்லிட்டேன்."

யாரும் குறுக்கிடவில்லை. அவள் சாவியை வைக்கும் வரை காத்திருந்துவிட்டு, செந்தூர்பாண்டி என்ற பையன், "நாங்க சொன்னதும் உங்க அம்மைக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "இல்ல" என்றாள். அது உண்மை. யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. "நீ அடுத்த வாரமும் வரணும்" என்று சுகிர்தா மட்டும் படியில் வைத்துச் சொன்னாள்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவள், "ஜெபத்துக்குத்தானட்டி சொன்னேன்" என்று அழுதாள்.

அடுத்த வாரம் ரீபா போனாள். எல்லோரும் கிரிக்கெட்டைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசினார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. சாவி அவளிடம் வந்தபோது, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தாள். எங்கே மழை என்றுகூட யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அருவாமனையைத் தள்ளி வைத்தாள், அடுப்பையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "என்னட்டி ஆச்சு? சொல்லு. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா."

ரீபாவிடம் சொல்வதற்கு இருந்தது. காலி நாற்காலிகள், மழை, சுகிர்தாக்காவின் முகம் எல்லாம் வரிசையாக, வழி மாறாமல் நின்றன. அம்மா எவ்வளவு நேரமானாலும் கேட்பாள்.

"ஒண்ணும் பேசலம்மா" என்றாள் ரீபா.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.