ஓடும்போது பார்க்காத ஆயில்

தளி பக்கம் மேட்டைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்த என் பழைய செயின் புல்டோசர், சூடேறினால் கியர் விழுந்தும் நகராது. வந்த இரண்டு மெக்கானிக்குகளும் கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொன்னார்கள். மூன்றாவதாக வந்தவர் ஒல்லியான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வண்டியில் ஏறினார்.

“கியர் ஆயில் பாத்தீங்களா?”

“தினமும் காலைல, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி. ஃபுல்லா இருக்குதுங்க.”

“ஓடறப்போ பாருங்க. ஓடறப்போ ஆயில் மேல ஏறிடும், கீழ அளவு இறங்கிடும்.”

இஞ்சினை ஓடவிட்டு, கியர் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவினேன். நுனிகூட நனையவில்லை. ஆயில் ஊற்றியதும், சூடேறிய பிறகும் வண்டி மேடேறியது.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“இதே தப்புக்கு ஒரு வண்டிய முழுசா பிரிச்சுப் போட்டவன் நான். உள்ள எல்லாமே நல்லா இருந்துச்சு.”

அதைச் சொல்லும்போதும் அவர் குரல் இறங்கவில்லை.

இப்போதெல்லாம் ஓடும் வண்டியில்தான் ஆயில் பார்க்கிறேன். ஏறும்போது நானும் செருப்பை ஏன் கழற்றுகிறேன் என்றுதான் தெரியவில்லை.