ஒலிபெருக்கியில் வந்த பெயர்

புவாலைக்குச் சர்க்கரை பார்க்கத் தெரியும், ரத்த அழுத்தம் பார்க்கத் தெரியும். எந்த வீட்டுத் தண்ணீர்ச் சாடியில் கொசுப்புழு நெளியும் என்று மூடியைத் திறக்காமலே சொல்வாள். வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசானில் ஒரு சிற்றூருக்கு மருமகளாக வந்த நாள் முதல் அவள் சுகாதாரத் தொண்டர். மனசைப் பற்றிக் கேட்கும் வேலை மட்டும் புதிது. சுற்றுவட்டாரம் முழுமைக்கும் மனநல நர்ஸ் ஒருத்திதான், சுனிசா. அவள் எட்டாத இடத்தில் தொண்டர்களே பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினால் பலன் உண்டா என்று ஓர் ஆய்வு நடந்தது.

ரப்பர்த் தோப்பில் பால் வெட்டும் தோங்சாவின் பள்ளி செல்லும் மகள் ஃபாய், புவாலையின் எல்லாக் கேள்விக்கும் சிரித்தபடி பதில் சொன்னாள். கடைசிக் கேள்வியில் சிரிப்பு நின்றது.

"சில நாள் இல்லாமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணும், பெரியம்மா."

புவாலை உடனே சுனிசாவுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கே வர்றேன் அக்கா. அவளை வரச் சொல்லுங்க. தனியா மட்டும் விட்டுடாதீங்க."

புவாலை எப்போதும் செய்வதையே செய்தாள். சர்க்கரை கூடியவர்களை அழைப்பது போலவே ஊர்த்தலைவரிடம் பெயரைக் கொடுத்தாள். மறுநாள் காலையில், வீடுதோறும் பசையரிசி ஆவியில் வேகும் நேரத்தில், கம்பத்து ஒலிபெருக்கி முழங்கியது: "தோங்சா மகள் ஃபாய், மனநல நர்ஸைப் பார்க்க சுகாதார நிலையத்துக்கு வரவும்."

"என்னக்கா, மனசுக்கும் ஊசி வந்தாச்சா? எம் புருஷனுக்கு ரெண்டு போடுங்க!" என்றாள் பப்பாளி விற்பவள்.

புவாலையும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில்தான் உறைத்தது: அந்தப் பெயர் ஊருக்கே கேட்டுவிட்டது. ஃபாய் வீட்டுக்கு ஓடினாள்.

தோங்சா வாசலில் நின்றான். "சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டா. எம் பொண்ணுக்கு என்னக்கா? ஊருக்குச் சொன்னீங்க, எனக்குச் சொல்லலையே?"

அவன் தோப்புப் பக்கம் ஓடினான். அவள் பள்ளிக்கூடம், கோயில் என்று தேடினாள். குளத்தின் பக்கம் போகக் கால் வரவில்லை, போனாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. வண்டிச் சாவியை எடுக்க வீட்டுக்குத் திரும்பினாள்.

கொல்லையில் அவளுடைய சாடிகள் கவிழ்ந்து கிடந்தன. பக்கத்தில் ஈரப் பாவாடையோடு ஃபாய்.

"ஊரு வீட்டு மூடியெல்லாம் திறக்கறீங்க. உங்க சாடியிலயும் புழு இருக்கு, பெரியம்மா."

"இருக்கும்டி." புவாலை ஈரத்திலேயே உட்கார்ந்தாள். "தப்பு என்னுதுதான்." தோங்சாவுக்குப் போன் செய்து, மகள் தன்னோடு இருப்பதைச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "நர்ஸைப் பாப்பியா?"

"அத்தனை பேரும் வேடிக்கை பாக்கவா? மாட்டேன்."

"ஊருப் புள்ளைங்க அத்தனை பேரையும் உன்னோட வரிசையில நிக்க வச்சா?"

ஃபாய் எழுந்து போகவில்லை.

ஒலிபெருக்கி மறுபடி அழைத்தது. இந்த முறை பள்ளி செல்லும் எல்லாப் பிள்ளைகளையும். மதியம் அவர்கள் சுகாதார நிலையத்தில் முணுமுணுத்தபடி வரிசையில் நின்றார்கள். "எடை போட்டுச் சந்தைக்கு அனுப்பப் போறாங்கடா" என்றான் ஒருவன். ஃபாய் நடுவில் நின்றாள்.

மற்றவர்கள் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். ஃபாய் உள்ளே போனதும் சாத்திய கதவு திறக்கவேயில்லை. எப்போதும் கதவோரம் நிற்கும் புவாலை, பேச்சுக் காதில் விழாத தூரத்துக்குத் தானாகவே நகர்ந்தாள். நகர்ந்தாளே தவிர, கண் கதவிலேயே இருந்தது.

கடைசியில் சுனிசா தலையை நீட்டினாள்.

"அக்கா, அப்பாவைக் கூப்பிடச் சொல்றா. நேர்ல போய்ச் சொல்லுங்க."

ஒலிபெருக்கிக் கம்பத்தைத் தாண்டி, புவாலை தோங்சா வீட்டுக்கு வண்டியை விட்டாள்.