உப்பில் கரைந்த நீலம்

தாராவியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குள், 'கோலி' என்போம் அதை, எப்போதும் இரண்டு வாசனைகள் இருந்தன: வாப்பாவின் சட்டையோடு வந்து சேரும் தோல் கிடங்கின் வாடை ஒன்று, சுவரில் தொங்கிய கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து கசியும் அந்துருண்டையும் பழைய மரமும் கலந்த வாசனை இன்னொன்று.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுதுவிட்டு வாப்பா சோர் பஜாருக்குப் போய்விடுவார். காலிசெய்த பங்களாக்களிலிருந்து வந்து குவியும் சாமான்களுக்கிடையே, எந்தக் காலத்திலோ யாரோ வெள்ளைக்காரர்கள் பட்டாம்பூச்சிகளை ஊசி குத்தி வைத்து, கீழே பழுப்பு மையில் பெயரெழுதி, கண்ணாடி போட்டு மூடிய பெட்டிகளைத் தேடித் திரிவார். அப்படி ஏழெட்டு வருடத்தில் சேர்ந்தவை நாலே நாலு. உம்மாவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது.

"பறக்குறதப் புடிச்சுக் குத்தி வச்சிருக்கியளே, நாளைக்கு மறுமையில இதுவ வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவிய?"

"நானா குத்துனேன்? எவனோ குத்துனான். கிடங்குல நாள் பூரா செத்ததோட தோலத்தான் பாக்கேன். இதுவும் செத்ததுதான், ஆனா பாரேன் நீ!" என்பார் வாப்பா. உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சிரிப்பை மறைக்க.

நாலில் ஒன்று நீலம். உள்ளங்கை அகலத்தில் ஆறு பூச்சிகள், ஆறும் ஒரே நீலம். எங்கள் 'பத்ரா' தகரக் கூரையில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது. பிற்பகலில் அதன் வழியே விழும் சின்ன வெளிச்சம் பாயிலிருந்து சுவருக்கு ஏறி, மெல்ல நகர்ந்து, நாலு மணிவாக்கில் அந்தக் கண்ணாடியைத் தொடும், தொட்டதும் அந்த நீலம் விழித்துக்கொள்ளும். லீவு நாளில் வாப்பாவும் நானும் பாயில் படுத்து, வெளிச்சம் ஒவ்வொரு இறக்கையாகக் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பாதித் தூக்கத்தில் ஒரு பூச்சி இறக்கையை மூடித் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அதைக் கனவென்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை.

அறுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதான மழைக்காலத்தில், தன் தங்கை கல்யாணத்துக்காக வாப்பா பதினைந்து நாள் திருநெல்வேலிப் பக்கத்து ஊருக்குப் போனார். "நீலத்த நீ பாத்துக்கம்மா. உங்கும்மாகிட்ட சொன்னா தூக்கிப் போட்ருவா" என்று உம்மாவின் காதில் விழும்படியே சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் ஓர் இறக்கையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தது. வாப்பா வருவதற்குள் ஆறும் அழுகிவிடுமே! எனக்குத் தெரிந்த வைத்தியமோ ஒன்றே ஒன்று, எங்கள் சந்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்தது: வெட்டுக்கூடத்திலிருந்து வரும் தோல் கெடாமலிருக்க, கையளவு கனத்துக்கு உப்பைப் போட வேண்டும். உம்மா குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியை இறக்கி, பின்பலகையை நெம்பி, பூச்சிகளைச் சுற்றிலும் கல்லுப்பைக் கொட்டிப் பரப்பி, பலகையை அழுத்தி மூடினேன். சுவரில் மாட்டினால் உப்பு சரியுமென்று டிரங்குப் பெட்டிமேல் படுக்கப்போட்டு, மேலே ஒரு துணியும் விரித்துவைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை எனக்கு.

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் துணியை எடுத்தால், உப்பெல்லாம் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தண்ணீராகி நிற்கிறது. இறக்கைகள் அதில் ஊறிச் சுருண்டு சாம்பல் சேறாகக் கிடக்கின்றன.

என் அலறல் கேட்டு ஓடிவந்த உம்மா அடிக்கவில்லை. முந்தானை நுனியைத் திரிபோல முறுக்கி, அடுப்பைக்கூட மறந்து உட்கார்ந்து, ஒவ்வொரு இறக்கையாக ஒற்றியெடுத்தாள். ஒற்ற ஒற்ற அது துணியோடு வந்துவிட்டது. "ஏளா, அழாத. வாப்பா வந்தா நீ வாயத் தொறக்கப்படாது. நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

வாப்பா வந்தார். பையைக் கீழே வைக்குமுன்பே பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"நாந்தான். பூஞ்சணம் புடிச்சிருந்துச்சி, உப்பு போட்டேன்" என்றாள் உம்மா.

வாப்பா பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லியிருக்கலாம்லா? நான் இல்லாத நேரம் பாத்து இப்பிடியா செய்வ?"

அவ்வளவுதான். கதவோரம் நான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பயத்தில் சொல்லவில்லை. சீ, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை மிச்சம் மூன்று பெட்டிகளையும் சாக்கில் சுற்றி, வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு இருவரும் பேசாமலொன்றும் இல்லை. அரிசி, பருப்பு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசினார்கள். ஆனால் வாப்பா உம்மாவைச் சீண்டுவதும், உம்மா முகத்தைத் திருப்பிச் சிரிப்பதும் நின்றுபோயிற்று.

தோல் கிடங்குகள் ஊரைவிட்டே போய்விட்டன. எங்கள் கோலி இருந்த இடத்தில் மாடிக்கட்டிடம் நிற்கிறது. நான் ஐரோலிப் புறநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன், சிமெண்டுக் கூரையின் கீழ். உம்மாவை அவள் கடைசி வருடத்தில்தான் கேட்டேன், ஏன் பழியை என்மேல் போடவில்லை என்று.

"ஒன்மேல கோவப்பட்டா அவியளுக்குத் தாங்காதுளா. எம்மேலன்னா பழக்கம்தான" என்றாள்.

அப்போது வாப்பா மவுத்தாகிப் பத்து வருடம் கடந்திருந்தது. அந்த நீலத்தை அழித்தது அவளில்லை, காப்பாற்றத்தான் பார்த்தாள் என்று நான் சொல்லவேண்டிய ஒரே ஆள் அவர்தான். அவர் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.