கொய்யா மரம் குடித்த மீன் எண்ணெய்

மாலை ஆறு இருபதுக்குத் தம்பியின் கையை விட்டேன். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், கையை விட்டதே நேரம் பார்க்கத்தான். திருவிழாவுக்காக மாமா தன் கைக்கடிகாரத்தை எனக்குக் கட்டிவிட்டிருந்தார். மணி பார்த்துவிட்டுத் திரும்பினால் தம்பியைக் காணோம்.

மலையகத்தில் நமுனுகுல பக்கம், அப்பாவும் அம்மாவும் வேலை செய்த தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அவனுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் கதவு நிலையில் முட்டிக்கொள்வான். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள், நானும்தான். தோட்டத்து டாக்டர் ஐயா ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்து, "கடல் மீனோட ஈரல்ல எடுத்தது. கண்ணுக்கு வேண்டிய சத்து இதுல இருக்கு. தெனம் ஒரு கரண்டி, அதுக்கு மேல வேணாம்" என்றார். கடலையே பார்த்திராத எங்களுக்குக் கடல் என்றால் பண்டாரவளைச் சந்தைக் கருவாடுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய தம்பி, ஒருநாள் அந்தியில் அடுப்படியைக் காட்டி, "பூனை!" என்று கத்தினான். அம்மா அழுதுவிட்டாள்.

பார்வை பாதி தெளிந்திருந்தபோது, மாரியம்மன் திருவிழாவுக்கு அப்பா காப்புக் கட்டினார். காவடி எடுக்கப் போகிறவர். வீட்டுக்குள் மீன் வாடையே ஆகாது. அம்மா போத்தலை விறகுக் கொட்டகையில் ஒளித்தாள். "இது மீன் இல்ல புள்ள, மருந்து. நான் கொழுந்து பறிக்கப் போறப்ப நீதான் குடுக்கணும். அப்பாகிட்ட மூச்சு விடாத."

எனக்கு அம்மாவைவிட பக்தி அதிகம். மாரியாத்தா கோபித்தால் கண்ணைத்தான் எடுப்பாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே தம்பியின் கண்ணைக் காப்பாற்ற, தினமும் ஒரு கரண்டி எண்ணெயை அளவு பிசகாமல் கொய்யா மரத்தடியில் ஊற்றினேன். அந்த மரத்துக்கு மாலைக்கண் இருந்திருந்தால் குணமாகியிருக்கும். தம்பியும் காட்டிக்கொடுக்கவில்லை, நாற்றத்திலிருந்து தப்பித்த சந்தோஷம் அவனுக்கு.

கோயிலடியில் தப்பு மேளச் சத்தத்தில் என் கூப்பாடு எனக்கே கேட்கவில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் தேயிலை இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே பாறைச் சரிவு. அம்மாவிடம் ஓடினேன்.

"அவனுக்குத்தான் இப்ப கண்ணு தெரியுதே. எங்கயாச்சும் வெளையாடுவான்டி."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

"அடிப்பாவி! அத்தன நாளுமா?"

அதைக் கேட்டவர்கள் டார்ச்சுகளோடு தேயிலைக்குள் இறங்கினார்கள். யாரோ ஓடிப்போய் அப்பாவிடமும் சொல்லிவிட்டார்கள்.

இப்போது எனக்கு ஒரு மகள். டியூசன் முடிந்து அவள் பத்து நிமிடம் பிந்தினாலும் டார்ச்சோடு தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன். தம்பியோ அந்தி நேரத்தில் பெரகல மலைப்பாதை வளைவுகளில் பஸ் ஓட்டுகிறான்.

ஏழு மணியளவில் அப்பா வந்தார். தோளில் காவடி இல்லை. முழங்காலெல்லாம் சேறாகத் தம்பி இருந்தான். சரிவுக்குச் சற்று மேலே, மழைநீர் ஓடும் கானுக்குள் உட்கார்ந்திருந்தானாம். "பொழுது வெடியட்டும்னு இருந்தேன்" என்றான். காவடியைப் பாதி வழியில் இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிட்டு வந்த அப்பாவுக்குக் கூட்டம் விலகி வழிவிட்டது. அடி விழவில்லையே என்ற நிம்மதி மட்டும்தான் எனக்கு. அந்த மனிதர் எதை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அன்று புரியவில்லை. தம்பியை இறக்காமலே அவர் சொன்னார்:

"ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போயி எண்ணெய எடுத்துட்டு வா புள்ள."