கால் நனைக்காமல் திரும்பிய திலகவதி அக்கா

திலகவதி அக்கா காலமானார் என்ற செய்தியை எனக்கு ரெலிபோனில் சொன்னவர் பரமநாதன் அண்ணை. சொல்லி மூச்சு விடுவதற்குள், "செத்தவீட்டிலை நான்தான் பேசுறன், தங்கச்சி. எழுதத் தொடங்கீட்டன்" என்றார். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் அவர். கனடாவில், இந்த ஸ்காபரோவில், எங்கள் ஊரவர் யார் கண்ணை மூடினாலும் மைக் அவர் கைக்குத்தான் போகும். அழுகை வரவேண்டிய எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே வந்து பிக்கரிங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், எங்கள் அடுக்குமாடியில் எதிர்க் கதவு அவருடையது. தனி ஆள். தான் படிப்பித்ததைப் பற்றி இங்கே யாரிடமும் சொல்லமாட்டார். "உங்கை ஆர் கேட்டது?" என்பார்.

நான்கு வருடங்களுக்கு முந்திய கோடையில், பரமநாதன் அண்ணை வீட்டாரோடு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, ஹியூரன் ஏரிக்கரைப் பட்டினம் ஒன்றுக்குப் பக்கத்தில் சக்கரம் பூட்டிய இரண்டு ரெயிலர் வீடுகளை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்தோம். அடுப்பும் கட்டிலும் உள்ளேயே இருந்தன. சமையல் எங்கள் பாடு. அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். கனடா வந்து அவர் எடுத்த முதல் லீவு அது. போன அன்றே தண்ணீரைப் பார்த்து, "கடல் மாதிரியெல்லோ கிடக்கு. நாளைக்கு இறங்குவம்" என்றார். மறுநாள் முழுக்க அடுப்படியில் நின்றார். இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பரமநாதன் அண்ணைக்கு ஒடியற்கூழ் குடிக்க ஆசை வந்துவிட்டது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பட்டினத்தில் மீனும் நண்டும் வாங்கிவந்து, ஊர்க் கிணற்றடி என்ற நினைப்பில், எல்லோரும் குடிதண்ணீர் பிடிக்கும் பொதுக் குழாயடியில் தானே வெட்டிக் கழுவினார். செதிலும் குடலும் அங்கேயே கிடந்தன. கூழைக் காய்ச்சியது அக்கா. நாங்கள் வட்டமாக இருந்து குடிக்கும்போது அந்த இடத்தின் பொறுப்பாளர் முகம் சிவந்து வந்தார். குழாயடியை நாறடித்தவர் உடனே வெளியேற வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் வெளியேற வேண்டும் என்றார்.

பரமநாதன் அண்ணை கோப்பையைக் கீழே வைக்காமலே அக்காவைக் காட்டினார். இந்த மனுசி நாட்டுக்குப் புதிது, ஒன்றும் தெரியாது, நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அக்காவுக்கு விளங்காது என்று நினைத்தாராக்கும். அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, அண்ணையுடையதைவிட நல்ல ஆங்கிலத்தில், அரை மணித்தியாலத்தில் போய்விடுகிறேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பையைக் கட்டினார்.

பஸ் தரிப்பிடம் வரை நான் கூடப் போனேன். "நான் செத்தா உந்த மனிசன் என்ரை செத்தவீட்டிலை வாய் திறக்கக்கூடாது. நீ பாத்துக்கொள்" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன். அண்ணையோ இதைக் "திலகத்தின்ரை கூழ்க் கதை" என்று பிறந்தநாள் விழாக்களிலெல்லாம் சொல்லிச் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கடந்த ஞாயிறு மண்டபத்தில் செத்தவீட்டு நிகழ்ச்சி என் பொறுப்பு. அண்ணை கோட்டும் சூட்டுமாக முன்வரிசையில், நான்கு பக்கப் பேச்சை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தேவாரம் முடிந்ததும் மைக்கைக் கழற்றி எடுத்தேன். அண்ணை எழுந்து என்னிடம் வந்தார்.

"என்ன தங்கச்சி, என்னைக் கூப்பிடேல்லை?"

"கூப்பிடமாட்டன் அண்ணை. குழாயடியிலை மீன் கழுவினது ஆரெண்டு சொல்லுறதெண்டால் மைக்கைத் தாறன்."

பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவர் பேச்சை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எனக்கு இனித்தது, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் அக்கா சொன்னதில் மீதியும் இருக்கிறது. என் கணவருக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை. பஸ் படியில் கால் வைத்தவர் திரும்பி, "நீயும் பேசாதை. உனக்கும் வாய் இருந்ததுதானே" என்றார். ஓம், இருந்தது. ஒரு கிழமை லீவு பாழாகிவிடும் என்று, தலையைக் குனிந்து கூழைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் ஞாயிறு நானும் பேசவில்லை. உங்களைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் அனுப்பிவைத்தோம், அக்கா. போய்வாருங்கள்.