பட்டையில் ஏறிய நீலம்

ஆயுத பூஜையன்று என் கணவர் சூடத்தைத் தட்டில் வைக்காமல், காரின் முன்பக்க எவர்சில்வர் பட்டையிலேயே வைத்துக் கொளுத்திவிட்டார். அணைந்த இடத்தில் மஞ்சளும் நீலமுமாய் ஒரு வளையம். "தேச்சா போயிரும்ல, இதுக்குப் போயி கத்துற?" என்றார். பாலிஷ் டப்பாவைத் திறந்தேன். அதன் மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் சின்ன வயசில் பார்த்த இன்னொரு பூஜை ஞாபகம் வந்தது.

சின்னமனூரில் என் அப்பா ஒரு முதலாளியிடம் கார் ஓட்டினார். அங்கேயும் இதே பூஜை, இதே மாதிரிப் பட்டை. "வேணாம்யா, சூட்டுல நெறம் மாறிரும். தட்டுல கொளுத்துவோம்" என்று அப்பா சொல்லச் சொல்ல, முதலாளி சூடத்தைக் கட்டி கட்டியாய் அடுக்கிக் கொளுத்தினார். மறுநாள் விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அந்த நீலத்தைப் பார்த்துக் கேட்டபோது, "எல்லாம் நம்ம டிரைவரோட லட்சணம்" என்று கைகாட்டினார்.

அப்பா வெயிலில் குத்தவைத்து, இதே பாலிஷைத் தொட்டு, பட்டையின் நீளவாக்கிலேயே தேய்த்தார். துணி கறுத்தது, விரல் நுனி வெடித்தது. சாப்பாடு கொண்டுபோன நான் தூக்குவாளியோடு நின்றேன். பொழுது சாயும்போது பட்டை கண்ணாடியாய் மின்னியது.

முதலாளி வந்து பார்த்தார். சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, "பாத்தீகளா, வெறும் அழுக்கு! இம்புட்டு நாளாத் தொடைக்காமப் போட்டிருக்கான்" என்றார். அப்பா கறுத்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் பேசாமல் நின்றது இன்றும் எனக்கு ஆறவில்லை.

இங்கே எங்கள் காரில், பாதி வளையத்தைத் தேய்த்ததும் நிறுத்தினேன்.

"மிச்சத்தையும் தேச்சிரு" என்றார் கணவர்.

"அது அப்பிடியே கெடக்கட்டும். யாரு கொளுத்துனதுன்னு கேக்குறவுகளுக்கு நீங்களே சொல்லுங்க" என்று துணியை அவர் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.