தூக்கினால் அழுத பிள்ளை

என் மனைவி நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்குப் பொடி அடைக்கிறவள். சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்கும்போது விரல் நுனியெல்லாம் வெள்ளியாய் மின்னும். அலுமினியப் பொடி, லேசில் போகாது. குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவாள். அதுவரை பொறுக்காமல் எங்கள் எட்டு மாதப் பிள்ளை கையை நீட்டி ஊரைக் கூட்டிவிடும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது அடுத்த வீட்டில் இருக்கும் என் அக்கா. நான் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறேன்.

தீபாவளி சீசன் மும்முரமாக இருந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு சிரப் வாங்கிக் கொடுத்தோம். காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. மறுநாள் குடித்த பாலையெல்லாம் கக்கியது. அன்று சாயங்காலம் என் மனைவி குளித்துவிட்டு வந்து தூக்கியதும் வீறிட்டு அழுதது. பசி அழுகையோ தூக்க அழுகையோ இல்லை. கீச்சென்று, அதுவரை நாங்கள் கேட்டிராத அழுகை. தோளில் போட்டுத் தட்டினாள், கூடியது. பாயில் கிடத்தினாள், ஓய்ந்தது. திரும்பத் தூக்கினாள், திரும்ப வீறிட்டது.

என் அக்காவுக்கு எதற்கும் காரணம் கிடைக்காமல் போனதில்லை. இடுப்பு வலிக்காரி என்பதால் அன்று பகல் முழுக்கக் குழந்தையைப் பாயிலேயே போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சும்மா கிடந்த பிள்ளை தாய் தூக்கியதும் ஏன் அலற வேண்டும்? கம்பெனிப் பொடியின் நெடி பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சேலையிலிருந்து உள்ளே போயிருக்கிறது, அதனால்தான் வாந்தியும் என்றாள். அக்கம்பக்கத்தாரும் தலையாட்டினார்கள். பட்டாசுக்காரர்களான எங்களுக்கு எல்லா வியாதியும் அந்தப் பொடியிலிருந்துதான் வரும். நானும் நம்பினேன். என் மனைவியோ எங்கள் எல்லாரையும்விட நன்றாக நம்பினாள்.

இன்னொரு தடவை குளித்தாள். விரல்களைத் தேங்காய் நாரால் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். கம்பெனிக்கு உடுத்தாத சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டு வந்து தூக்கினாள். அதே அலறல். பிறகு தூக்கவில்லை. சுவரோரம் தள்ளி உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை அசையாமல் கிடந்தது. அடங்கிவிட்டது, இனி தேவலை என்று நினைத்தோம். அது கொஞ்சம் கொஞ்சமாக நினைவு தப்பிக்கொண்டிருந்தது.

காலையில் உச்சியில் எண்ணெய் வைக்கப் போன அக்கா கையை எடுத்துவிட்டாள். பள்ளமாக, மெத்தென்று இருக்க வேண்டிய உச்சிக்குழி புடைத்து மேடு தட்டியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. ஆட்டோ பிடித்து விருதுநகருக்கு விரட்டினோம். குழந்தை அக்கா மடியில் கிடந்தது. என் மனைவி அதன் மேல் பட்டுவிடக் கூடாதென்று சீட்டின் விளிம்புக்கு ஒதுங்கி, முந்தானையை இழுத்துப் பிடித்தபடி வந்தாள். ஆமத்தூர் தாண்டும்போது அதைக் கவனித்தேன். பார்வையை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தது எங்களைவிட இளைய டாக்டரம்மா. பொடிக் கதையை அக்கா முழுதாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே உச்சியைத் தடவிப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் திரும்பி, தூக்கினால் அழுகை குறைகிறதா, கூடுகிறதா என்று கேட்டார்.

"கூடுதுங்க. நான் தூக்குனாத்தான் கூடுது. என் மேல கம்பெனி நெடி அடிக்கும்ல."

டாக்டரம்மா குழந்தையைத் தானே மெல்லத் தூக்கினார். அந்த அரை மயக்கத்திலும் அது முகத்தைச் சுளித்துக் கீச்சென்றது.

"பாத்தீங்களாம்மா, நான் தூக்கினாலும் அழுவுது. நெடியும் இல்ல, பொடியும் இல்ல. மூளையைச் சுத்தி இருக்கிற உறையில கிருமி போயிருக்கு. அசைச்சா வலிக்குது, அவ்வளவுதான்."

அப்பேர்ப்பட்ட வியாதியைச் சொல்லக் கேட்ட பிறகும் என் மனைவியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. பிள்ளை தன்னை வெறுக்கவில்லை என்கிற நிம்மதி. அடுத்த நிமிஷமே, பிள்ளை பிழைக்குமா என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஊசி மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்டபோது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஏலே, முதுகுல ஊசி குத்துனா இடுப்புக்குக் கீள விளங்காதுலே. போடாத."

எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர் குறைவு. நரம்புத் தண்டு முடிகிற இடத்துக்குக் கீழேதான் குத்துவோம், எந்தக் கிருமி, எத்தனை நாள் மருந்து என்று அந்த நீர்தான் சொல்லும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அக்காவின் காரணங்களைக் கேட்டது போதும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையை உதறிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தெளிவாக இருக்க வேண்டிய நீர் அரிசி கழுவிய தண்ணீராக வந்தது.

அதன் பிறகு வார்டு. மறுபடி மறுபடி வலிப்பு. மூக்கில் குழாய், கையில் குழாய், ஒரு நரம்பு வீங்கினால் இன்னொரு நரம்பு. பக்கத்துக் கட்டிலில் இதே காய்ச்சலோடு வந்த குழந்தை ஒன்று இறந்துபோனது. அதன் தாய் துணிகளை மடித்துப் பையில் வைப்பதை நாங்கள் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம். என் மனைவி வார்டில் இருந்த நாளெல்லாம் குழந்தையின் உள்ளங்காலில் ஒரு விரலை மட்டும் வைத்திருப்பாள். காய்ச்சலும் வலிப்பும் நின்று, இனி தூக்கு என்று நர்ஸ் சொன்ன நாளிலும் பயந்து பயந்துதான் தூக்கினாள். குழந்தை அழவில்லை. அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். இந்தக் காய்ச்சல் சில பிள்ளைகளுக்குக் காதைக் கெடுத்துவிட்டுப் போகும், தள்ளிப்போடாமல் மதுரையில் சோதித்துவிடுங்கள் என்று நாளும் குறித்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் மனைவி பிள்ளையோடு பேசிக்கொண்டே வந்தாள். அது அவள் வாயையே பார்த்தது. பாருங்க, எப்படிக் கேக்குது என்றாள்.

மதுரைக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள் மத்தியானம் குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவள் அடுப்படியில் இருந்தாள். எதிர்வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு, சொல்லாமல் கொள்ளாமல் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். ஜன்னல் கதவு அதிர்ந்தது. தெருவில் இருந்த சின்னப் பிள்ளைகளெல்லாம் அலறின. நான் தொட்டிலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் இமைகூட ஆடவில்லை. ஈரக் கையோடு ஓடிவந்து அவள் பிள்ளையின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வெடி ஓயும் வரை குனிந்தபடியே நின்றாள்.

"நல்லவேளை, வந்து பொத்திட்டேன். இல்லன்னா பிள்ள பதறி முளிச்சிருக்கும், என்னங்க?"

ஆமா என்றேன்.